மாரியோ கார்ட் சூப்பர் சர்க்யூட்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குட்டி வண்டிகளில் பந்தயம் ஓட்டும் மாரியோ கார்ட் வீடியோ விளையாட்டு வரிசையில், கையில் வைத்து விளையாடும் கருவிக்கென்று முதலில் வந்தது பற்றி நண்பர்களும் உறவுக்காரப் பிள்ளைகளும் என்னிடம் பல வருடமாகக் கேட்டுவரும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். சிலர் சிறுவயதில் விளையாடியவர்கள். சிலர் புதுக் கருவியில் இப்போதுதான் முதன்முறையாகப் பார்க்கிறார்கள். இரண்டு பேருக்கும் சேர்த்தே பதில் சொல்கிறேன்.

இது எந்த விளையாட்டு? எப்போது வந்தது?

‘மாரியோ கார்ட் சூப்பர் சர்க்யூட்’. 2001இல் கேம்பாய் அட்வான்ஸ் என்ற கைக்கருவிக்காக நின்டெண்டோ வெளியிட்டது. ஜப்பானில் ஜூலையிலும், அமெரிக்காவில் ஆகஸ்டிலும், ஐரோப்பாவில் செப்டம்பரிலும் கடைக்கு வந்தது. ஜப்பானில் அதன் பெயர் ‘மாரியோ கார்ட் அட்வான்ஸ்’. ஆகவே இரண்டு பெயரையும் பார்த்து இரண்டு விளையாட்டு என்று நினைத்துவிடாதீர்கள்.

வரிசையில் இது மூன்றாவது. 1992இல் சூப்பர் நின்டெண்டோவில் முதலாவது, 1996இல் நின்டெண்டோ 64இல் இரண்டாவது. அந்த இரண்டையும் விளையாட வீட்டில் டிவி காலியாக இருக்க வேண்டும். செய்தி பார்க்க ஒருவர், சீரியல் பார்க்க ஒருவர் என்றிருக்கும் வீட்டில் அது எவ்வளவு பெரிய தடை என்று உங்களுக்கே தெரியும். மூன்றாவதுக்கு யாருடைய அனுமதியும் வேண்டியிருக்கவில்லை. உலகம் முழுக்கச் சுமார் 59 லட்சம் கேசட் விற்றது.

நின்டெண்டோவே செய்ததா?

வெளியிட்டது நின்டெண்டோ. உருவாக்கியது கியோட்டோவில் உள்ள இன்டெலிஜென்ட் சிஸ்டம்ஸ். முதல் இரண்டையும் நின்டெண்டோவின் உள்குழு செய்தது, இதை மட்டும் இவர்களிடம் கொடுத்தார்கள். ‘ஃபயர் எம்ப்ளம்’, ‘பேப்பர் மாரியோ’ எல்லாம் செய்தவர்கள் இவர்களே. கட்டம் கட்டமாக யோசித்து ஆடும் விளையாட்டுகளில் பெயர் எடுத்தவர்கள் பந்தய விளையாட்டு செய்திருக்கிறார்கள் என்பது எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஒவ்வொரு வளைவிலும் ஒரு சின்னக் கணக்கு வைத்திருப்பார்கள். அதைக் காசு பற்றிய கேள்வியில் சொல்கிறேன்.

அந்தச் சின்னக் கருவியில் தரை எப்படி அப்படிச் சுழன்றது? அது முப்பரிமாணமா?

இல்லை. கேம்பாய் அட்வான்ஸில் முப்பரிமாணத்துக்கென்று தனி வன்பொருள் எதுவும் கிடையாது. 16.78 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் ஓடும் ஒரு செயலி, அகலத்தில் 240 புள்ளியும் உயரத்தில் 160 புள்ளியும் உள்ள திரை. இவ்வளவுதான்.

வாசலில் போட்ட ஒரு பெரிய கோலத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பந்தயத் தடமும் மேலிருந்து பார்த்தால் அப்படி ஒரு தட்டையான படம். கருவியால் அந்தப் படத்தைச் சுழற்ற முடியும், பெரிதாக்க முடியும், சிறிதாக்க முடியும். திரையை அது ஒவ்வொரு வரியாக, மேலிருந்து கீழாக வரைகிறது. ஒரு வரியை முடித்து அடுத்த வரியைத் தொடங்கும் அந்த நொடித்துணுக்கு இடைவெளியில் அளவை மாற்றிவிடுகிறார்கள். அடிவானத்துக்குப் பக்கத்தில் உள்ள வரிகளில் படம் மிகச் சிறிதாகவும், கீழே வர வர பெரிதாகவும் வரையப்படுகிறது. தட்டைப் படம் தூரத்துக்கு நீண்டு கிடப்பதுபோல் கண்ணுக்குப் படுகிறது. நீங்கள் வலப்பக்கம் திருப்பினால் வண்டி திரும்புவதில்லை, கோலம்தான் உங்கள் காலடியில் இடப்பக்கம் சுழல்கிறது. மரம், குழாய், மற்ற வண்டிகள் எல்லாம் தூரத்துக்கு ஏற்ற அளவில் நிறுத்திய அட்டைப் படங்கள்.

சூப்பர் நின்டெண்டோவில் இதற்கு ‘மோட் 7’ என்று பெயர். அங்கே 1992இல் செய்த அதே வித்தையைத்தான் இங்கே இன்னும் கூர்மையான வண்ணங்களோடு செய்தார்கள்.

இதனால் ஒரு விளைவு உண்டு. ஏற்ற இறக்கமே கிடையாது. மலை இல்லை, பாலத்துக்கு அடியில் இன்னொரு சாலை இல்லை. எல்லாம் சமதளம். பலர் இதைக் குறையாகச் சொல்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றியதே இல்லை. மேடு பள்ளம் இல்லாததால் முழுக் கவனமும் வளைவின் மேல்தான் இருக்கும். எங்கே நுழைவது, எங்கே வெளியே வருவது என்பதைத் தவிர மனதில் வேறு எதுவும் ஓடாது.

திரை இருட்டாக இருந்ததாக ஞாபகம். சரியா, இல்லை என் கண்தானா?

உங்கள் ஞாபகம் சரி. முதலில் வந்த கேம்பாய் அட்வான்ஸின் திரைக்கு உள்ளே விளக்கே கிடையாது. வெளியிலிருந்து வெளிச்சம் பட்டால்தான் படம் தெரியும். இரண்டு பென்சில் செல் போட்டால் சுமார் 15 மணி நேரம் ஓடும். விளக்கு இல்லாததும் அந்தக் கணக்குக்கு ஒரு காரணம்.

எனக்கு அந்தக் கருவி அறிமுகமானது 2002 கோடை விடுமுறையில். சிங்கப்பூரிலிருந்து வந்திருந்த மாமா பையன் கொண்டுவந்தான். கரண்ட் போகும் ஊர் எங்களுடையது. டிவி இல்லாமலே விளையாட முடியும் என்பதால் மின்வெட்டுக்கு இதைவிடத் தோதான பொருள் இருக்க முடியாது என்று முதல் நாள் நினைத்தோம். இரவு கரண்ட் போனதும் எடுத்துப் பார்த்தால், சத்தம் வருகிறது, இசை வருகிறது, திரையில் ஒன்றும் தெரியவில்லை. செல் முழுசாக இருந்தும் ஓட்ட முடியாமல் உட்கார்ந்திருந்தோம். அத்தை எமர்ஜென்சி லைட்டை எங்கள் பக்கம் திருப்பி வைத்தார்கள். வெளிச்சம் நேராகப் பட்டால் கண்ணாடி பளபளத்துப் படம் மறைந்துவிடும். கொஞ்சம் சாய்த்து, தோளுக்கு மேலே வெளிச்சம் வருகிற மாதிரி உட்கார வேண்டும். அந்தக் கோணம் இன்றைக்கும் என் உடம்புக்குத் தெரியும். பகலில் திண்ணையின் கிழக்கு ஓரம், மாலையில் படிக்கட்டின் மூன்றாவது படி.

2003இல் வந்த கேம்பாய் அட்வான்ஸ் எஸ்பியில் முன்பக்க விளக்கு வைத்தார்கள். 2005இல் சில எஸ்பிகள் பின்பக்க விளக்கோடு வந்தன. அவற்றில் இந்த விளையாட்டைப் பார்க்கும்போது நிறங்கள் கொஞ்சம் தூக்கலாக, வெளிறின மாதிரி தெரியும். கோளாறு எதுவும் இல்லை. இருண்ட திரையில் தெரிய வேண்டுமே என்று அந்தக் காலத்துக் கேம்பாய் அட்வான்ஸ் விளையாட்டுகள் பலவற்றில் வேண்டுமென்றே வெளுப்பான நிறங்களைப் போட்டிருப்பார்கள்.

தரையில் கிடக்கும் காசுகள் எதற்கு? நான் கண்டுகொள்வதே இல்லை.

அப்படியென்றால் நீங்கள் பாதி விளையாட்டைத்தான் விளையாடியிருக்கிறீர்கள். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைப் படிப்பதென்றால் இதைப் படியுங்கள்.

காசு சேரச் சேர வண்டியின் உச்ச வேகம் கூடும். அடிபட்டால் காசு கொட்டிப்போகும். இன்னொரு வண்டியோடு மோதினாலும் இழப்பீர்கள். கையில் ஒரு காசும் இல்லாத நேரத்தில் மோதினால் வண்டி சுழன்று நின்றுவிடும். ஆகவே காசுதான் வேகம், காசுதான் காப்பு. முதல் சூப்பர் மாரியோ கார்ட்டில் இருந்த இந்த ஏற்பாட்டை நின்டெண்டோ 64இல் எடுத்துவிட்டார்கள். சூப்பர் சர்க்யூட் அதைத் திரும்பக் கொண்டுவந்தது.

இனிமேல்தான் அந்தச் சின்னக் கணக்கு வருகிறது. வளைவின் குறுக்குப் பாதை ஒரு பக்கம் இருக்கும், காசு வரிசை இன்னொரு பக்கம் இருக்கும். காசை எடுக்கப் போனால் இந்த வளைவில் நேரம் போகும், ஆனால் மீதிப் பந்தயம் முழுக்க வேகம் கூடியிருக்கும். எடுக்காமல் போனால் இப்போது முந்தலாம், அடுத்த நேர்சாலையில் பின்னால் வருகிறவன் உரசிக்கொண்டு போவான். முதல் சுற்றிலேயே காசை அள்ளிக்கொண்டு மூன்றாம் இடத்தில் இருப்பது மேலா, காசில்லாமல் முதலிடத்தில் ஓடுவது மேலா? ஒவ்வொரு தடத்துக்கும் பதில் மாறும். பீச் சர்க்யூட் மாதிரி அகலமான தடத்தில் தயங்காமல் அள்ளலாம். பவுசர் கோட்டை என்ற தடங்களில் செங்கோணத் திருப்பத்துக்கு முன்னால் கிடக்கும் காசுக்கு ஆசைப்பட்டால் எரிமலைக் குழம்பில் விழுவீர்கள்.

எங்கள் வீட்டில் பெரியவர்களுக்குக்கூட இது பிடித்துப்போனது. தாத்தா பின்னால் நின்று பார்த்துக்கொண்டே, “அந்தக் காச விட்டுட்டியேடா” என்பார். யார் முதலில் வந்தார்கள் என்று அவர் கேட்டதே இல்லை.

பழைய 20 தடங்கள் உள்ளே ஒளிந்திருக்கிறதாமே?

ஆமாம். புதிதாகச் செய்தவை 20: மஷ்ரூம், ஃபிளவர், லைட்னிங், ஸ்டார், ஸ்பெஷல் என்று 5 கோப்பைகள், ஒவ்வொன்றிலும் 4 தடம். இவை போக, 1992 சூப்பர் மாரியோ கார்ட்டின் 20 தடங்களும் அந்தச் சின்னக் கேசட்டுக்குள் இருக்கின்றன. ஒரு கோப்பையில் தங்கம் வென்றபின் அதையே மறுபடி ஓட்டி, 4 பந்தயத்திலும் சேர்த்து 100 காசு எடுத்தால் அந்தக் கோப்பைக்குரிய பழைய தடங்கள் திறக்கும். பார்த்தீர்களா, இங்கேயும் காசுதான் சாவி. சராசரியாகப் பந்தயத்துக்கு 25. முதல் இரண்டில் 50 தாண்டிவிடுங்கள், கடைசித் தடங்கள் குறுகலாக இருக்கும்.

பழையவற்றில் நசுக்க வரும் கல் பூதங்கள் மாதிரியான இடைஞ்சல்கள் சில இல்லாமல் இருக்கும். அப்படியே பெயர்த்து வைத்ததாக எதிர்பார்க்காதீர்கள். ஆனால் பழைய தடங்களைப் புதிய விளையாட்டுக்குள் கொண்டுவரும் வழக்கம் இந்த வரிசையில் இங்கேதான் தொடங்கியது. இன்றைக்கு மாரியோ கார்ட் என்றால் பாதித் தடங்கள் பழையவையாக இருக்கும் என்று எல்லாரும் எதிர்பார்க்கிறார்கள் அல்லவா, அந்த எதிர்பார்ப்பின் வேர் இது.

மூன்று நட்சத்திரம் கிடைக்கவே மாட்டேன் என்கிறது. எல்லாப் பந்தயத்திலும் முதலிடம்தான் வருகிறேன்.

முதலிடம் போதாது. ஒரு கோப்பை முடிந்ததும் கிடைக்கும் தரம் ஆங்கில எழுத்துகளில் கீழிருந்து ஏறி, ‘ஏ’வையும் தாண்டி ஒன்று, இரண்டு, மூன்று நட்சத்திரம் வரை போகும். காசு குறைவாக இருந்தால் நட்சத்திரம் கிட்டே வராது. அடிபடாமல், புல்லில் இறங்காமல், காசோடு முதலாவதாக வர வேண்டும். மிக வேகமான 150 சிசி நிலையில் ஸ்பெஷல் கோப்பைக்கு மூன்று நட்சத்திரம் வாங்கியவர்களை நான் மரியாதையோடு பார்ப்பேன்.

யாரைத் தேர்ந்தெடுப்பது நல்லது?

எட்டுப் பேர்: மாரியோ, லூயிஜி, பீச், டோட், யோஷி, டாங்கி காங், வாரியோ, பவுசர். கனமானவர்களுக்கு உச்ச வேகம் அதிகம், நின்றால் கிளம்ப நேரமாகும். லேசானவர்கள் சட்டென்று கிளம்புவார்கள், இடித்தால் தள்ளிப்போவார்கள். புதிதாக ஆடுகிறவர் யோஷியையோ டோடையோ எடுங்கள். கை பழகியபின் டாங்கி காங்.

புதிய மாரியோ கார்ட் ஆடிப் பழகிவிட்டேன். இதில் வண்டி சோப்புத் தண்ணீரில் போகிற மாதிரி வழுக்குகிறது. ஏன்?

புதியவற்றின் பழக்கத்தை இங்கே கொண்டுவந்ததால்தான். பிற்கால விளையாட்டுகளில் வளைவு வந்தாலே சறுக்க வேண்டும், சறுக்கினால் நிச்சயம் லாபம். இங்கே ஆர் பொத்தானை அழுத்தினால் வண்டி ஒரு குதி குதிக்கும், அழுத்தியபடியே திருப்பினால் வெளிப்பக்கமாக வழுக்கிக்கொண்டு போகும். எல்லா வளைவிலும் அப்படிச் செய்தால் எல்லா வளைவிலும் புல்லில்தான் முடிவீர்கள்.

சின்ன வளைவுக்கு, வண்டியை ஓட்டும் ஏ பொத்தானிலிருந்து ஒரு கணம் விரலை எடுத்தாலே போதும், முன்சக்கரம் பிடித்துக்கொள்ளும். நடுத்தர வளைவுக்கு ஒரு குதி. நீளமான வளைவுக்கு மட்டும் சறுக்கல். அதையும் வளைவு தொடங்கும் முன்பே ஆரம்பித்துவிட வேண்டும். போதுமான நேரம் சறுக்கிப் பிடித்திருந்து விட்டால் ஒரு குட்டி உந்துதல் கிடைக்கும். மூக்கு வெளிவழியைப் பார்க்கும்போது விட வேண்டும், அது தவறினால் அந்த உந்துதலே உங்களைச் சுவருக்குள் தள்ளும்.

அப்புறம், தொடக்கம். விளக்கு மாறும் கணத்தில் ஏ பொத்தானை அழுத்தினால் வண்டி சீறிக் கிளம்பும். ஆர்வக்கோளாறில் முன்பே அழுத்திப் பிடித்தால் சக்கரம் நின்ற இடத்திலேயே சுழலும். ஐந்தாம் இடமோ அதற்குக் கீழோ வந்தால் அடுத்த தடத்துக்கு விடமாட்டார்கள், திரும்ப ஓட்ட வேண்டும். புள்ளிகள் முதல் நால்வருக்கு மட்டும்: 9, 6, 3, 1.

ஒரு வாரம் பொறுமையாக ஓட்டுங்கள். வழுக்கல் என்று நினைத்தது எடை என்று புரியும். அந்த எடை கைக்குப் பழகிவிட்டால் மற்ற கார்ட் விளையாட்டுகள் தண்டவாளத்தில் ஓடுவதுபோல் தோன்ற ஆரம்பிக்கும்.

எந்தத் தடம் சிறந்தது?

இதற்கு ஒரே பதில்தான் என்னிடம் உண்டு: சன்செட் வைல்ட்ஸ். லைட்னிங் கோப்பையின் நான்காவது தடம். செம்மண் பாலைவெளி. முதல் சுற்றில் வெயில். அடுத்த சுற்றில் வானம் காவி நிறமாகி, பொழுது இறங்கும். கடைசிச் சுற்றில் இருட்டு. மூன்று சுற்றில் ஒரு மாலைப்பொழுது முழுவதும் கடந்துபோகும். தரை தட்டை, மரங்கள் அட்டை, ஆனாலும் நிறத்தை மட்டும் மாற்றி நேரம் போகிறது என்ற உணர்வைக் கொண்டுவந்துவிட்டார்கள். கடைசிச் சுற்றில் இசையும் வேகம் பிடிக்கும். விளக்கில்லாத அந்தப் பழைய திரையில், வெளியேயும் பொழுது சாயும் நேரத்தில் இதை ஓட்டினால் கடைசிச் சுற்றில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு திரையை ஆகாயத்துக்குக் காட்ட வேண்டியிருக்கும். நான் படிக்கட்டின் மூன்றாவது படிக்குப் போனது பெரும்பாலும் இந்தத் தடத்துக்காகத்தான்.

இதே மாதிரி சுற்றுக்குச் சுற்று மாறும் இன்னொன்று லேக்சைட் பார்க். ஓடிக்கொண்டிருக்கும்போதே எரிமலை வெடித்துக் கல் விழ ஆரம்பிக்கும். லூயிஜி சர்க்யூட்டில் மழை பெய்து சாலையில் தண்ணீர் தேங்கியிருக்கும். ஷை கை பீச்சில் கடலில் நிற்கும் கப்பலிலிருந்து குண்டு வீசுவார்கள். ரிப்பன் ரோடு பரிசுப் பெட்டிகளுக்கு நடுவே ஓடும். சீஸ் லேண்ட் பெயருக்கேற்ற மாதிரி மஞ்சள் பள்ளத்தாக்கு, எலிகள் குறுக்கே வரும். ஸ்கை கார்டன் மேகத்தின் மேல். பவுசர் கோட்டை நான்கு முறை வருவது கொஞ்சம் அதிகம்தான். அந்த இடத்தில் இன்னும் இரண்டு புதிய ஊர்களை வைத்திருக்கலாம்.

இந்தத் தடங்கள் பிற்பாடு வேறு எதிலாவது வந்தனவா?

நிறைய. 2005இன் மாரியோ கார்ட் டிஎஸ்ஸில் பீச் சர்க்யூட், லூயிஜி சர்க்யூட், ஸ்கை கார்டன், பவுசர் கோட்டை 2 ஆகிய நான்கும் வந்தன. 2008இல் வீ கருவியில் ஷை கை பீச்சும் பவுசர் கோட்டை 3உம். 2014இல் மாரியோ கார்ட் 8இல் மாரியோ சர்க்யூட்டை முறுக்கித் தூக்கி நிறுத்தினார்கள்; 2015இல் கூடுதல் தடங்களாக ரிப்பன் ரோடும் சீஸ் லேண்டும் சேர்ந்தன. ரிப்பன் ரோடு அதில் ஒரு குழந்தையின் அறை முழுக்க விரியும் பொம்மைச் சாலையாகிவிட்டது, பார்க்க அவ்வளவு அழகு. மாரியோ கார்ட் 8 டீலக்ஸின் கூடுதல் தொகுப்பில் ஸ்கை கார்டன், ஸ்னோ லேண்ட், பூ லேக், ரிவர்சைட் பார்க் ஒவ்வொன்றாக வந்து, 2023 ஜூலையில் சன்செட் வைல்ட்ஸும் வந்தது. அன்று நான் வேறு எதையும் ஓட்டவில்லை.

ஒரே கேசட்டை வைத்து நான்கு பேர் ஆடினோமே, அது எப்படி? ஏன் எல்லாரும் யோஷி?

நான்கு கருவி, மூன்று இணைப்புக் கம்பி, ஒரு கேசட். கம்பியின் நடுவே ஒரு சின்னப் பெட்டி இருக்கும், அடுத்தவர் கம்பியை அதில் செருக வேண்டும். ஊதா முனை யாரிடம் இருக்கிறதோ அவர்தான் முதல் ஆட்டக்காரர். அந்த ஊதா முனைக்கு நடந்த சண்டையைத் தனியாக எழுதலாம்.

கேசட் இல்லாத கருவிகளுக்குக் கம்பி வழியாக விளையாட்டின் ஒரு சின்னப் பகுதியை அனுப்புவார்கள். அதைத் தன் நினைவகத்தில் வைத்துக்கொண்டுதான் அந்தக் கருவி ஓடும், அணைத்தால் மறைந்துவிடும். அங்கே இருந்த இடத்துக்கு எட்டு முகமும் எல்லாத் தடமும் போகாது. அதனால் எல்லாருக்கும் யோஷி, நிறம் மட்டும் வேறு வேறு, தடங்களும் சிலவே. ஆளுக்கொரு கேசட் இருந்தால் எல்லாம் கிடைக்கும். எங்களிடம் இரண்டு கருவியும் ஒரு கேசட்டும்தான். அந்த யோஷிகளே போதுமாக இருந்தன. கம்பி நீளம் குறைவு, முழங்கால் இடிக்கும் தூரத்தில் உட்கார வேண்டும். ஒருவன் கோபத்தில் எழுந்தால் கம்பி பிடுங்கிக்கொண்டு எல்லாருடைய பந்தயமும் நின்றுவிடும். அதனால் தோற்றவனும் முடியும்வரை உட்கார்ந்திருப்பான்.

இணையத்தில் ஆட முடிந்ததா?

நேருக்கு நேர் முடியாது. ஆனால் ஜப்பானில் செல்போனோடு கேம்பாயை இணைக்கும் ‘மொபைல் அடாப்டர் ஜிபி’ என்ற ஒரு கம்பி 2001 ஜனவரியில் வந்தது. மாரியோ கார்ட் அட்வான்ஸ் அதோடு சேர்ந்து இயங்கியது. தனியாக நேரத்துக்கு எதிராக ஓட்டும் டைம் ட்ரையலில் எடுத்த நேரத்தை அனுப்பலாம், பிறர் ஓட்டத்தின் ‘பேய்’ பதிவை இறக்கி அதோடு போட்டி போடலாம். 2002 டிசம்பரில் அந்தச் சேவையை நிறுத்திவிட்டார்கள். ஜப்பானுக்கு வெளியே இது வரவே இல்லை.

அதே நேரத்தில் வேறு கார்ட் விளையாட்டு இருந்ததே?

‘கொனாமி கிரேஸி ரேசர்ஸ்’. கேம்பாய் அட்வான்ஸ் ஜப்பானில் அறிமுகமான நாளிலேயே, 2001 மார்ச்சில் வந்துவிட்டது. அதுவும் மோட் 7 பாணிதான். நல்ல விளையாட்டு, கிடைத்தால் விடாதீர்கள். 2003இல் ‘கிராஷ் நைட்ரோ கார்ட்’டும் இதே கருவிக்கு வந்தது.

இப்போது எங்கே விளையாடலாம்?

சுலபமான வழி நின்டெண்டோ ஸ்விட்ச். ஆன்லைன் சந்தாவின் கூடுதல் தொகுப்பை எடுத்தவர்களுக்கு 2023 பிப்ரவரியிலிருந்து கேம்பாய் அட்வான்ஸ் விளையாட்டுகள் கிடைக்கின்றன. முதல் தொகுதியிலேயே இது இருந்தது. வெவ்வேறு ஊரில் இருக்கும் நான்கு பேர் சேர்ந்து ஓட்டலாம், கம்பி வேண்டாம். எனக்கும் மாமா பையனுக்கும் இப்போது அதுதான் ஞாயிற்றுக்கிழமை வேலை. அவன் சிங்கப்பூரில், நான் இங்கே.

அசல் கேசட்டே வேண்டும் என்றால் கேம்பாய் அட்வான்ஸ், எஸ்பி, டிஎஸ், டிஎஸ் லைட் எதிலும் போடலாம். டிஎஸ்ஸில் பழைய இணைப்புக் கம்பிக்குத் துளை இல்லை, ஆகவே தனியாகத்தான் ஆட முடியும். டிஎஸ்ஐ வந்தபோது கேசட் துளையையே எடுத்துவிட்டார்கள். 3டிஎஸ்ஸை விலை குறைப்புக்கு முன்பே வாங்கியவர்களுக்கு 2011 டிசம்பரில் இலவசமாகக் கொடுத்த 10 கேம்பாய் அட்வான்ஸ் விளையாட்டுகளில் இதுவும் ஒன்று. உங்கள் பழைய 3டிஎஸ் அலமாரியில் இருந்தால் திறந்து பாருங்கள், உள்ளே இருக்கக்கூடும்.

பழைய கேசட் வாங்கும்போது போலியை எப்படிக் கண்டுபிடிப்பது?

கேசட்டைத் தலைகீழாகப் பிடித்து, உள்ளே தங்க நிறத் தொடுபட்டைகளுக்கு மேலே பலகையைப் பாருங்கள். அசலில் நின்டெண்டோ பெயர் அச்சாகியிருக்கும். முன்பக்க ஒட்டுத்தாளில் இரண்டு இலக்க எண் ஒன்று அழுத்திப் பதித்திருக்கும், வெளிச்சத்தில் சாய்த்தால் தெரியும். பின்பக்கத் திருகின் தலை மூன்று கீற்று உள்ளதாக இருக்கும். ஒட்டுத்தாள் மங்கலாகவோ, எழுத்து கலங்கியோ இருந்தால் விட்டுவிடுங்கள். நான் ஒருமுறை ஒரு கடையில் அவசரத்தில் பார்க்காமல் வாங்கி ஏமாந்தேன். விளையாட்டு ஓடியது, அணைத்துப் போட்டால் வாங்கிய கோப்பை ஒன்றும் இருக்காது.

கேசட் போட்டால் வெள்ளைத் திரைதான் வருகிறது.

ஊதாதீர்கள். நாம் எல்லாரும் ஊதித்தான் வளர்ந்தோம், ஆனால் வாயின் ஈரம் தொடுபட்டையை அரித்துவிடும். காதுக்கு உபயோகிக்கும் பட்ஸை ஐஸோபுரொப்பைல் ஆல்கஹாலில் லேசாக நனைத்து, பட்டைகளை மெதுவாகத் துடைத்து, நன்றாகக் காய்ந்தபின் போட்டுப் பாருங்கள். பெரும்பாலும் சரியாகிவிடும்.

என் பெண்ணுக்கு ஏழு வயது. புதிய விளையாட்டுகளைப் பார்த்தவளுக்கு இது பிடிக்குமா?

என் தங்கை மகளுக்கும் அதே வயதுதான். போன மாதம் ஸ்விட்சில் போட்டுக் கொடுத்தேன். 50 சிசி, மஷ்ரூம் கோப்பை, யோஷி. படம் ஏன் கட்டம் கட்டமாக இருக்கிறது என்று கேட்டாள். அதற்கு நான் பதில் யோசிப்பதற்குள் பீச் சர்க்யூட் தொடங்கிவிட்டது. ஓட்டச் சொல்லிக்கொடுத்தேன், காசைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. இரண்டாவது வளைவில் அவளாகவே பாதையை விட்டு விலகி ஒரு வரிசைக் காசை அள்ளினாள். அப்புறம் எதிர்ப்பக்கம் இருந்த வரிசைக்குப் போனாள். மற்ற வண்டிகள் எல்லாம் போய்விட்டன. ஏழாம் இடம், கையில் 31 காசு. திரும்ப ஓட்ட வேண்டும் என்று திரை சொன்னதும் என் கையிலிருந்து கருவியை வாங்கிக்கொண்டு, “இன்னும் அந்த ஓரத்துல கெடக்கு மாமா” என்று மறுபடி கிளம்பினாள்.